பாசாவ் டு வியன்னா: டன்யூப் ஓரமா கார் தொல்லை இல்லாம சைக்கிள்ல போக முதல் தடவை கிளம்பறவங்களுக்கு

போன வருஷம் மச்சினன கூட்டிட்டு ரெண்டாவது தடவையா இந்த ரூட் போய்ட்டு வந்தேன். அதுக்கு முந்தி ஒருக்கா தனியா போயி நல்லா அடிபட்டு வந்தவன் நான். அடிபட்டதுன்னா கீழ விழுந்து இல்லீங்க, ட்ரெயின்ல சைக்கிள ஏத்த விடல, கடைசி படகு போயிருச்சு, ஞாயித்துக்கிழமை ஒரு கடை இல்ல, இந்த மாதிரி. மிதிக்கறது ஒரு விஷயமே இல்ல. ஆத்தோட போக்குலயே போறோம், கிளம்பற ஜெர்மனி பாசாவ் சுமார் 300 மீட்டர் உயரம், போய்ச் சேர்ற ஆஸ்திரியா வியன்னா 160 சொச்சம், ஏத்தம்னு சொல்றதுக்கு ஒண்ணும் கிடையாது, காத்தும் பெரும்பாலும் மேற்குலேர்ந்து முதுகுலதான் அடிக்கும். திட்டம் போடறதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க, அதனால அதப் பத்தி மட்டும் எழுதறேன்.

நான் இருக்கறது மியூனிக்ல, மச்சினன் கோயம்புத்தூர்லேர்ந்து விசா எடுத்து வந்தான், அதனால ரெண்டு பக்கத்து பேப்பர் விஷயமும் இதுல இருக்கு.

1. எந்த மாசம், எத்தன நாள்

மொத்தம் 325 கிலோமீட்டர் சொச்சம். நாங்க ஏழு நாள்ல பிரிச்சோம்: பாசாவ் – ஷ்லோகன், ஷ்லோகன் – லின்ஸ், லின்ஸ் – கிரைன், கிரைன் – மெல்க், மெல்க் – கிரெம்ஸ், கிரெம்ஸ் – டுல்ன், டுல்ன் – வியன்னா. ஒரு நாளைக்கு 40லேர்ந்து 60 வரைக்கும்தான் வரும். ஜிம் பக்கமே போகாத மச்சினனே மூணாவது நாள் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தான். அஞ்சு நாள்லயும் முடிக்கலாம், ஆனா அப்பறம் எதுக்கு போறீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு.

மே நடுவுலேர்ந்து செப்டம்பர் முடிய நல்ல சீசன். ஏப்ரல்ல வாஹாவ் பள்ளத்தாக்கு பூரா ஆப்ரிகாட் பூத்துக் கிடக்கும், பாக்க ஆசையா இருக்கும், ஆனா குளிரும், சில படகு அப்ப ஓடவே ஆரம்பிச்சிருக்காது. ஜூலை ஆகஸ்ட்ல வெயிலும் கூட்டமும் சேந்து வரும். கிளம்பறதுக்கு மொத நாள் வெள்ளம் எச்சரிக்கை இருக்கான்னு பாத்துருங்க, பாதை ஆத்த ஒட்டியே போறதால தண்ணி ஏறினா மொதல்ல மூடறது சைக்கிள் பாதையத்தான். 2024 செப்டம்பர்ல டுல்ன், கிரெம்ஸ் பக்கமெல்லாம் எப்படி முங்கிச்சுன்னு ஞாபகம் இருக்கும்.

2. விசா, பாஸ்போர்ட், கார்டு (இத ஸ்கிப் பண்ணாதீங்க)

இந்தியாவுலேர்ந்து வர்றவங்க மொதல்ல பண்ற தப்பு, ஃபிளைட் மியூனிக்ல இறங்குது, அக்கா மியூனிக்ல இருக்கா, ரூட் ஆரம்பிக்கற பாசாவும் ஜெர்மனி, அதனால ஜெர்மன் விசாதான்னு நினைக்கறது. என் மச்சினனும் அதத்தான் பண்ணான். விசா சென்டர் கவுன்டர்ல இருந்தவங்க அவனோட நாள் கணக்க எண்ணிப் பாத்தாங்க, மியூனிக் நாலு ராத்திரி, பாசாவ் ஒண்ணு, ஆஸ்திரியால ஏழு. ஷெங்கன் விசா ஒண்ணே ரெண்டு நாட்டுக்கும் செல்லும், ஆனா எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், நாள் சமமா வந்தாத்தான் மொதல்ல நுழையற நாடு. திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி ஆஸ்திரியாவுக்கு அப்பாயின்ட்மென்ட் பிடிச்சு பேப்பர் மாத்தி எழுதறதுக்குள்ள மூணு வாரம் போச்சு. "மாமா, நீங்க மொதல்லயே சொல்லிருக்கலாம்ல"ன்னு இன்னும் சொல்லிக் காட்டறான், எனக்கே தெரியாதுங்கறத அவன் நம்பவே இல்ல.

அதனால ராத்திரிய எண்ணுங்க. பேப்பர்ல ஒரு டேபிள் போடுங்க, தேதி, ஊர், தங்கற இடம், புக்கிங் நம்பர். தினம் ஒரு ஊர்ல தங்கறதால அந்த டேபிள் இல்லன்னா பாக்கறவங்களுக்கு தலை சுத்தும்.

மத்தது எல்லாருக்கும் உள்ளதுதான். பயணம் ஆரம்பிக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடிலேர்ந்து 15 நாள் முன்னாடி வரைக்கும் அப்ளை பண்ணலாம், சாதாரணமா 15 நாள்ல முடிவு வரும், இழுத்தா 45 நாள் வரைக்கும் போகலாம். ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6லேர்ந்து 12 வயசுக்குள்ள இருந்தா 45, அதுக்கு மேல சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும், அதுல சைக்கிள் டூர் கவர் ஆகுதான்னு ஒரு வரி இருக்கும், படிச்சிருங்க. பாஸ்போர்ட் திரும்பற தேதிக்கு மேல மூணு மாசம் உயிரோட இருக்கணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். 2025 அக்டோபர்லேர்ந்து எல்லைல ஸ்டாம்புக்கு பதிலா கைரேகை, முகம் பதியற புது முறை வந்துருச்சு, அதனால இறங்கின அன்னிக்கே பாசாவுக்கு ட்ரெயின் டிக்கெட் டைட்டா போடாதீங்க.

ஜெர்மனில வேலை, படிப்புன்னு இருக்கறவங்களுக்கு விசா வேண்டாம், ரெசிடென்ஸ் கார்டும் பாஸ்போர்ட்டும் போதும். ஆனா ரெண்டும் ஒரிஜினலா கைல இருக்கணும், போன்ல போட்டோ செல்லாது. ஆஸ்திரியாலேர்ந்து பாசாவ் வர்ற ட்ரெயின்ல போலீஸ் ஏறி செக் பண்றது சகஜம், நம்ம மூஞ்சியப் பாத்தா கண்டிப்பா கேப்பாங்க, அத வச்சு மனசு சங்கடப்பட்டு பிரயோஜனம் இல்ல, எடுத்துக் காட்டிட்டு போய்ட்டே இருங்க. கார்டு புதுப்பிக்க குடுத்திருக்கீங்க, கைல தற்காலிக பேப்பர்தான் இருக்குன்னா அத வச்சு பார்டர் தாண்டலாமான்னு வெளிநாட்டவர் ஆபீஸ்ல கேட்டுட்டு கிளம்புங்க, எல்லா பேப்பரும் ஒண்ணு இல்ல. ஜெர்மன் ஹெல்த் கார்ட திருப்பிப் பாருங்க, பின்பக்கம் ஐரோப்பிய கார்டு இருக்கும், ஆஸ்திரியா டாக்டர்ட்ட அதுதான் வேலை செய்யும்.

3. சைக்கிள்: சொந்தமா, வாடகையா?

சொந்த சைக்கிள்ல போகணும்னு எனக்கும் ஆசைதான், மொத தடவை அப்படித்தான் போனேன். சனிக்கிழமை காலைல பிளாட்பாரத்துல சைக்கிளோட நிக்கறேன், எனக்கு முன்னாடி இருபது பேர் சைக்கிளோட நிக்கறாங்க. பொட்டி ஃபுல்லு, ஏத்த முடியாதுன்னுட்டாங்க. சைக்கிளுக்கு டிக்கெட் வாங்கி வச்சிருக்கேனே, டிக்கெட் வாங்கினா இடம் உறுதி இல்லையாம். அடுத்த ட்ரெயின்ல போய் பாசாவ்ல மத்தியானம் இறங்கினேன், அந்த தாமதம் சாயங்காலம் என்ன பண்ணிச்சுன்னு கீழ சொல்றேன்.

அதனால புதுசா போறவங்களுக்கு நான் சொல்றது பாசாவ்ல வாடகைக்கு எடுத்து வியன்னால விடற ஒன்வே சைக்கிள்தான். அந்த மாதிரி கடைங்க பாசாவ்ல இருக்கு, வாரத்துக்கு கியர் சைக்கிள் எங்களுக்கு 120 யூரோ ஆச்சு, பின்னாடி மாட்டற பை, பூட்டு, பஞ்சர் கிட் எல்லாம் சேத்து. இ-பைக் அதுக்கு ரெண்டு மடங்கு, இந்த தரைக்கு அது தேவையே இல்ல, முட்டி வலி இருந்தா மட்டும் எடுங்க. புக் பண்றப்ப ஒங்க உயரத்த சென்டிமீட்டர்ல சொல்லணும், மச்சினன் அஞ்சரை அடின்னு அடிக்கணக்குல எழுதி அனுப்பி, அவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்களோ தெரியல, சின்னப் பசங்க சைக்கிள் ஒண்ண ரெடியா நிறுத்தி வச்சிருந்தாங்க.

வாங்கறப்ப அங்கயே பிரேக், ரெண்டு லைட், பெல் பாருங்க. ஆஸ்திரியால பெல்லும் லைட்டும் சட்டப்படி இருக்கணும், சின்னப் பசங்களுக்கு ஹெல்மெட் கட்டாயம்.

4. பாசாவ் போய்ச் சேர்றது

மியூனிக்லேர்ந்து ரீஜினல் ட்ரெயின் ரெண்டேகால் மணி நேரம். டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி பூரா ரீஜினல் ட்ரெயினுக்கு மாச பாஸ்) இருந்தா அதுவே செல்லும், விசிட்டர்னா பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள்ள ஒரு நாள் டிக்கெட்) எடுங்க, அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட்ல போகலாம், வார நாள்ல காலைல 9 மணிக்கு மேலதான் செல்லும். இந்த ரெண்டுலயும் சைக்கிள் சேராது, அதுக்கு தனி டே டிக்கெட், பத்து யூரோவுக்குள்ள. மொத நாளே போய் பாசாவ்ல ஒரு ராத்திரி தங்கிருங்க. மூணு ஆறு கூடற ஊர், சாயங்காலம் முனைல போய் நின்னா ஒவ்வொரு ஆத்துத் தண்ணியும் ஒவ்வொரு கலர்ல வந்து கலக்கறது தெரியும்.

5. எந்தக் கரைல போறதுன்றதுதான் எல்லாமே

ரெண்டு கரைலயும் பாதை இருக்கு, போர்டும் இருக்கு (யூரோவெலோ 6ங்கற ஐரோப்பிய நெடுந்தூர சைக்கிள் ரூட்டோட நீல போர்டு, மஞ்ச நட்சத்திர வட்டத்துக்குள்ள 6). ஆனா ஒரு கரைல காடும் தண்ணியும் நீங்களும் மட்டும் இருப்பீங்க, எதிர்க்கரைல அதே நேரம் லாரி உறுமிக்கிட்டு போகும். மேப் ஆப் இத சொல்லாது, அதுக்கு ரெண்டும் சைக்கிள் பாதைதான். எனக்கு சரியா வந்த கணக்கு இது:

பாசாவ்லேர்ந்து வடக்குக் கரை. ஓபர்ன்செல் வரைக்கும் ரோட்ட ஒட்டித்தான் போகணும், பொறுத்துக்கோங்க. யோகன்ஷ்டைன் அணைக்கட்டு தாண்டினா அமைதி வந்துரும். அங்கேர்ந்து ஆவ்ன்னு ஒரு குட்டி இடம் வரைக்கும் போய் படகுல தென்கரை ஷ்லோகனுக்கு போயிருங்க. ஆவ்க்கு அப்பறம் வடக்குக் கரைல கொஞ்ச தூரம் பாதையே கிடையாது, மலை அப்படியே தண்ணில இறங்குது.

ஷ்லோகன்லேர்ந்து ஆஷாக் வரைக்கும் தென்கரை. என்னக் கேட்டா மொத்த ரூட்லயும் இதுதான் உச்சம். பெரிய ரோடு ஷ்லோகன்லயே ஆத்த விட்டுட்டு மலை ஏறிப் போயிருது, அப்பறம் காரே கிடையாது. ஆறு ஒரு கொண்டை ஊசி வளைவு போட்டுத் திரும்புது, ரெண்டு பக்கமும் காடு, சரக்குக் கப்பல் ஒண்ணு வந்தா அரை கிலோமீட்டருக்கு முன்னாடியே எஞ்சின் சத்தம் கேக்குது, மத்தபடி நம்ம செயின் சத்தம்தான். ஷ்லோகன்ல சைக்கிள பூட்டிட்டு அரை மணி நேரம் மேல ஏறி அந்த வளைவ பாத்துட்டு வாங்க.

லின்ஸுக்குள்ள நுழையற கடைசி துண்டு, வடக்குக் கரை ஓட்டன்ஸ்ஹைம்லேர்ந்து, நெடுஞ்சாலைக்கு பக்கத்துலயே. பாதை தனிதான், பயமில்ல, சத்தம்தான் தாங்காது. லின்ஸ்லேர்ந்து வடக்குக் கரை வெள்ளத் தடுப்பு கரை மேல, தட்டையா, மரமே இல்லாம. காலைல ஏழு மணிக்கு கிளம்பலன்னா வறுபட்டுருவீங்க. வழில மவுத்ஹவுசன் வதைமுகாம் நினைவிடம் இருக்கு, மேல ஏத்தம், அரை நாள் ஒதுக்கினாத்தான் பாக்க முடியும், ஓட்டமா பாக்கற இடம் இல்ல அது.

கிரைன்ல மறக்காம தென்கரைக்கு மாறுங்க. அங்கேர்ந்து இப்ஸ் வரைக்கும் வடக்குல மெயின் ரோடு, தெக்குல ஆளே இல்லாத சின்னப் பாதை. வடக்குலயே போன ஒரு குடும்பத்த இப்ஸ்ல பாத்தோம், "இத போய் கார் இல்லாத ரூட்டுன்னு சொல்றாங்க"ன்னு கடுப்புல இருந்தாங்க. எதிர்க்கரைல நாங்க வாத்துக்கு ரொட்டி போட்டுட்டு வந்தோம்.

மெல்க் – கிரெம்ஸ்தான் வாஹாவ். திராட்சைத் தோட்டம், கோட்டை, மடம்னு போட்டோல பாக்கறதெல்லாம் இங்கதான். இந்த 35 கிலோமீட்டர் சொச்சத்துல மெல்க் கிட்ட ஒரு பாலம், கிரெம்ஸ் கிட்ட ஒரு பாலம், நடுவுல ஒண்ணும் இல்ல, மூணு படகுதான்: ஸ்பிட்ஸ், வைசன்கிர்ஷன், டுர்ன்ஷ்டைன். நான் தென்கரைல ஆர்ன்ஸ்டார்ஃப் வரைக்கும் போயி, படகுல ஸ்பிட்ஸ் தாண்டி, திராட்சைக்கு நடுவுல டுர்ன்ஷ்டைன் வரைக்கும் போயி, மறுபடி படகுல ரோசாட்ஸ் வந்தேன். ஸ்பிட்ஸ் படகுக்கு எஞ்சின் கிடையாது. மேல ஒரு கம்பி, அதுல மாட்டின கயிறு, படகுக்காரர் சுக்கான ஒரு பக்கமா திருப்பி வச்சார், ஆத்து வேகமே நம்மள அந்தப் பக்கம் தள்ளுது. பலகைல தண்ணி தட்டற சத்தம் மட்டும் கேக்கும். மச்சினன் ஒருக்கா போதாதுன்னு திரும்பிப் போயிட்டு வந்தான், ரெண்டு டிக்கெட் காசு.

கிரெம்ஸுக்கு அப்பறம் தென்கரை. பாதை ஸ்வென்டன்டார்ஃப் அணு மின் நிலையத்த ஒட்டியே போகுது, முழுசா கட்டி முடிச்சு 1978ல ஓட்டெடுப்பு வச்சு 50.5 சதவீதம் வேண்டாம்னு சொன்னதால ஒரு நாள் கூட ஓடாத நிலையம். கூடங்குளம் ஞாபகத்தோட கொஞ்ச நேரம் நின்னுட்டு கிளம்பினோம். டுல்ன் தாண்டினா ஞாயித்துக்கிழமை வியன்னாக்காரங்க எல்லாம் ரேஸ் சைக்கிள்ல பறப்பாங்க, வலது ஓரமா போங்க.

6. படகு நேரம்

மொத வருஷம் பாசாவ்ல லேட்டா கிளம்பினேன்னு சொன்னேன்ல, ஆவ்க்கு சாயங்காலம் போய்ச் சேந்தா படகுத்துறைல சங்கிலி போட்டிருக்கு. எதிர்க்கரைல நான் புக் பண்ண ரூமோட ஜன்னல் வெளிச்சம் தெரியுது. நடுவுல டன்யூப். திரும்பி நீடர்ரான்னா பாலம் வரைக்கும் போய், தாண்டி, தென்கரைல வந்து சேர கிட்டத்தட்ட பதினஞ்சு கிலோமீட்டர் எக்ஸ்ட்ரா, இருட்டுல, சாப்பிடாம, கிச்சன் வேற மூடியாச்சு.

சின்னப் படகெல்லாம் சீசனுக்கு சீசன் நேரம் மாத்தும், வசந்தத்துலயும் இலையுதிர்லயும் சீக்கிரமே நிறுத்திருவாங்க. மொத நாள் ராத்திரியே நாளைக்கு தாண்ட வேண்டிய படகோட கடைசி ட்ரிப் எப்பன்னு பாத்து எழுதி வச்சுக்கோங்க, தங்கற எடத்துல கேட்டாலே சொல்லுவாங்க. அந்தப் படக விட்டுட்டா மாற்று வழி என்னன்னும் பாருங்க, சில அணைக்கட்டு மேல சைக்கிள தள்ளிக்கிட்டே கரை மாறலாம், காசு கிடையாது. படகுக்கு சில்லறை வச்சிருங்க.

7. ரூம்

கோடைல, அதுவும் வெள்ளி சனி ராத்திரி, முன்னாடியே புக் பண்ணாம போகாதீங்க, ஷ்லோகன், கிரைன் மாதிரி இடத்துல இருக்கறதே நாலு வீடு. ரெண்டு பேர் ஒரு ரூம்னா ஆளுக்கு 50 யூரோ மாதிரி ஆச்சு, காலை சாப்பாடு சேத்து. ஊர் வரி தனியா கொஞ்சம் கேப்பாங்க. பென்ஷன்னு சொல்ற சின்ன விடுதில கார்டு வாங்க மாட்டாங்க, நோட்டா வச்சுக்கோங்க. போனதும் ஒரு ஃபார்ம்ல பாஸ்போர்ட் நம்பர் எழுதச் சொல்வாங்க, ஆஸ்திரியால எல்லாருக்கும் அப்படித்தான். சைக்கிள் ராத்திரி எங்க நிக்கும்னு புக் பண்றப்பவே கேளுங்க.

8. சாப்பாடு, தண்ணி

ஞாயித்துக்கிழமையும் அரசு விடுமுறையும் சூப்பர்மார்க்கெட் மூடிக் கிடக்கும், ஆகஸ்ட் 15 அங்கயும் லீவுதான், வேற காரணத்துக்கு. சனிக்கிழமை சாயங்காலமே ரொட்டி, பழம், தயிர் வாங்கிருங்க. கிராமத்து ஹோட்டல்ல மத்தியான கிச்சன் ரெண்டு மணிக்கு மூடும், வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் லீவும் விடுவாங்க.

சைவம்னா சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி ஒண்ணு, காளானோட ரொட்டி உருண்டை, இது ரெண்டும்தான் மாறி மாறி வரும். சூப்ப மட்டும் நம்பாதீங்க, அதுல மிதக்கறது தோசைத் துண்டு மாதிரி சாதுவா இருக்கும், கீழ இருக்கறது மாட்டுக் குழம்பு. நான் பருப்புப் பொடி ஒரு டப்பா கொண்டு போயிருந்தேன், அது நாலாம் நாளே தீந்துபோச்சு.

தண்ணி காசு குடுத்து வாங்காதீங்க. குழாய்த் தண்ணி எல்லா இடத்துலயும் குடிக்கலாம். கடை இல்லாத ஊர்ல சர்ச்சுக்குப் பக்கத்துல கல்லறைத் தோட்டம் இருக்கும், பூச்செடிக்கு ஊத்த உள்ள ஒரு குழாய் இருக்கும், குடிக்கக் கூடாதுன்னு போர்டு இல்லன்னா பாட்டில ரொப்பிக்கலாம். மச்சினனுக்கு மொத ரெண்டு நாள் மனசு ஒப்பல, மூணாவது நாள் வெயில்ல அவனே தூரத்துல சர்ச் கோபுரத்த தேட ஆரம்பிச்சுட்டான்.

வாஹாவ்ல வைன் வீடு வீடா விப்பாங்க. சைக்கிளுக்கும் அளவு உண்டு, ரத்தத்துல ஆல்கஹால் ஆயிரத்துக்கு 0.8, தாண்டினா ஃபைன் 800 யூரோல ஆரம்பிக்குது. ஓட்டி முடிச்சப்பறம் குடிங்க.

9. மொத்தம் எவ்வளவு ஆச்சு

ஒருத்தருக்கு: சைக்கிள் 120, எட்டு ராத்திரி ரூம் 400, சாப்பாடு 280, படகு 15, வியன்னா – மியூனிக் ட்ரெயின் 40 (முன்னாடியே போட்டதால). 855 யூரோ. டென்ட் போட்டு சமைச்சு சாப்பிட்டா பாதில முடியும், ஆனா சுமை கூடும். விசா, ஃபிளைட் இதுல சேரல.

10. வியன்னாவும் திரும்பறதும்

கிளோஸ்டர்நாய்பர்க் தாண்டி நுஸ்டார்ஃப்லேர்ந்து கால்வாய் ஓரப் பாதைய பிடிச்சா சிக்னலே இல்லாம ஊர் நடுவுக்கு போயிரலாம். சொந்த சைக்கிள்னா திரும்பற வேகமான ட்ரெயின்ல சைக்கிளுக்கு ரிசர்வேஷன் கட்டாயம், விரல் விட்டு எண்ற இடம்தான் இருக்கும், கோடைல வாரக் கணக்குல முன்னாடியே தீந்துரும், அதனால இந்த டிக்கெட்ட மொதல்ல போட்டுட்டு மத்ததெல்லாம் அப்பறம் பிளான் பண்ணுங்க. வியன்னா மெட்ரோல சைக்கிளுக்கு காசு இல்ல, ஆனா வார நாள்ல 9லேர்ந்து 15 மணி, அப்பறம் 18.30க்கு மேலதான் விடுவாங்க.

வாடகை சைக்கிள்னா விடற இடம் எத்தன மணிக்கு மூடும்னு பாசாவ்லயே கேட்டு ரசீதுல எழுதி வாங்கிருங்க, ஒரு நாள் தள்ளிப் போனா ஒரு நாள் வாடகை. குடுக்கறதுக்கு முன்னாடி பின்பைய தலைகீழா கவுத்து உதறுங்க, சைக்கிள லாரில ஏத்தி அன்னிக்கே பாசாவுக்கு அனுப்பிருவாங்க, என் மழை ஜாக்கெட் இன்னும் அங்கதான் எங்கயோ கிடக்கு.